இடது கை நாடி

அம்மான் நகரத்தின் ஜூலை வெயில் ஏறுவதற்கு முன்பே அந்த ஆஸ்பத்திரியின் வெளிநோயாளி வராந்தா நிரம்பிவிட்டது. எல்லாரும் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார்கள். எல்லாரும் வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டு வந்தவர்கள். ருமேனியா, எகிப்து, ரஷ்யா, சூடான் என்று ஆளுக்கொரு தேசம். அன்றைக்கு நடந்தது நோயாளியைத் தொட்டுப் பார்த்துச் சொல்லும் தேர்வு. இதில் தேறினால்தான் ஜோர்டானில் மருந்துச் சீட்டில் கையெழுத்துப் போடும் உரிமம் கிடைக்கும்.

தக்ரீத்துக்கு இது மூன்றாவது தடவை. எழுத்துத் தேர்வில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது. இந்தத் தேர்வுதான் அவளைக் கவிழ்த்துக்கொண்டே இருந்தது. முதல் தடவை வாய் அடைத்துப் போயிற்று. சொல்ல வேண்டிய நோயின் பெயர் அவள் படித்த ரஷ்ய மொழியில் நாக்கு நுனிவரை வந்து நின்றது, அதற்கு மேல் நகரவில்லை. இரண்டாம் தடவை ஒருவருடைய வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்றாள். அங்கே வீக்கமே இல்லை. தேர்வாளர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பை அவள் பல ராத்திரி படுக்கையில் கேட்டிருக்கிறாள். இந்தத் தடவையும் தவறினால் இன்னொரு வருஷம் சம்பளமில்லாத பயிற்சியை முடித்துவிட்டுத்தான் திரும்ப வரலாம் என்று மருத்துவக் கவுன்சில் சொல்லியிருந்தது.

இடைப்பட்ட காலத்தில் அவள் ஒரு பல் கிளினிக்கில் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தாள். பெருநாளைக்கு ஊருக்கு, தஃபீலாவுக்குப் போனபோது தாய்மாமன் எல்லார் முன்னாலும் கேட்டார்: “அத்தன வருஷம் பனியில நின்னது ஹலோ சொல்லப் பழகத்தானா?” எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு, சோற்றுத் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“சாப்பிட்டியா?” என்று வராந்தாவில் பக்கத்து நாற்காலியில் இருந்த லுஅய் கேட்டான். அவன் மால்டோவாவில் படித்தவன். போன தடவையும் அவளோடு எழுதித் தோற்றவன். கையில் ஸஅத்தர் பொடி தூவிய, பாதி கடித்த ரொட்டி இருந்தது.

“இறங்கல.”

“இறங்காது. ஷவ்கத் வந்திருக்கார்.”

“எந்த மேசை?”

“மூணு. இதயம். வெளிநாட்டுல படிச்சவன்னாலே அவருக்கு ஆகாது. ஆனா கவலப்படாத. அங்க உக்காந்திருக்கிற நோயாளி யாரு தெரியுமா? அபூ ஸுஹைர்!”

அந்தப் பெயர் அவளுக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு தேர்வுக்கும் வரும் மனிதர் அவர். நெடுநெடுவென்ற உடம்பு, சிலந்தி போல நீண்ட விரல்கள். இதயத்தின் பெரிய வால்வு கசிகிற பழைய வியாதி. அறுவை வேண்டாம் என்று வருஷக் கணக்காகத் தள்ளிக்கொண்டே வருகிறார். மாணவர்கள் கேட்டுப் பழக அவருடைய நெஞ்சு நல்ல நெஞ்சு என்று டாக்டர்களே சொல்வார்கள்.

“உள்ள போ, நெஞ்சுல ஸ்டெத்த வை, வால்வு கசியுதுன்னு சொல்லு, வெளிய வா” என்றான் லுஅய். “அல்லாஹ் நமக்குன்னு அனுப்பின மார்க்கு அது. அதையும் கோட்ட விட்டேன்னா உன்னோட பேசவே மாட்டேன்.”

தேர்வு நடந்த கூடத்தில் திரை போட்டுப் பிரித்த ஆறு மேசைகள். ஒவ்வொன்றிலும் ஒரு தேர்வாளர், ஒரு நோயாளி. மணி அடித்தால் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு அடுத்த மேசைக்கு நகர வேண்டும். நகராதவர்களுக்காக அடுத்த மேசை காத்திருக்காது. மணியை வைத்திருந்தது இன்ஸாஃப் என்ற அலுவலகப் பெண்மணி. சிரிக்கவே தெரியாத முகம். ஆனால் உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும் “அல்லாஹ் துணை” என்று முணுமுணுப்பார்.

முதல் இரண்டு மேசைகளும் தக்ரீத்துக்கு நன்றாகவே போயின. இரண்டாவதில் தேர்வாளர் தலையைக்கூட ஆட்டினார். அந்தத் தெம்போடு மூன்றாம் திரையை விலக்கினாள்.

டாக்டர் ஷவ்கத் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமலே ஆரம்பித்தார்.

“உக்ரைன்ல நாலு வருஷம். போர் வந்ததும் ஜார்ஜியாவுல ரெண்டு வருஷம். அப்ப நீ எந்த ஊர் டாக்டர்?”

“இந்த ஊர் டாக்டர் ஆகத்தான் சார் வந்திருக்கேன்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “வாய் நல்லாத்தான் இருக்கு. கை எப்படின்னு பாப்போம். இங்க நோயாளிகிட்ட கேள்வி கேக்கக் கூடாது. தொட்டுப் பாத்து, நெஞ்சுச் சத்தத்தக் கேட்டுப் பாத்து எனக்குச் சொல்லு. கேள்வி கேட்டா இந்த மேசைக்கு மார்க்கு கிடையாது. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது சார்.”

அபூ ஸுஹைர் சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். தக்ரீத்தைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். அவளுக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. ஸலாம் சொல்லிவிட்டு அவருடைய வலக்கையைப் பிடித்தாள். நாடி விரலில் மோதிவிட்டுச் சட்டென்று விழுந்தது. புத்தகத்தில் எழுதியிருப்பது போலவே. கையைத் தூக்கிப் பார்த்தாள், இன்னும் பலமாக மோதியது. நெஞ்சில் ஸ்டெத்தை வைத்தாள். வால்வு மூடிய பிறகும் ரத்தம் பின்னால் கசியும் அந்த மெல்லிய ஊதல் காதில் தெளிவாக விழுந்தது.

போதும். லுஅய் சொன்னது போல இத்தோடு நிமிர்ந்து நின்று சொல்லியிருக்கலாம்.

ஆனால் முறை என்று ஒன்று உண்டு. இரண்டு கையையும் பார்க்க வேண்டும். இடக்கையைப் பிடித்தாள். விரலை வைத்த இடத்தில் ஒன்றும் தட்டுப்படவில்லை. இடம் தவறிவிட்டோம் என்று சற்றுத் தள்ளி அழுத்தினாள். அப்புறம் கிடைத்தது. நூல் போல மெலிந்து, வலக்கைக்குப் பின்னால் பிந்திப் பிந்தி வரும் ஒரு துடிப்பு. அந்தக் கை வேறு ஒருவருடையது போலக் குளிர்ந்திருந்தது.

அவர் முகத்தைப் பார்த்தாள். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் நெற்றியிலும் மேலுதட்டிலும் வியர்வை பூத்திருந்தது. சிமிட்டிய கண்ணில் இப்போது சிரிப்பில்லை.

“என்ன யோசன? வால்வுன்னு சொல்லு மவளே” என்று அவர் உதடு அசையாமல் முணுமுணுத்தார்.

“ரத்த அழுத்தம் பாக்கணும் சார். ரெண்டு கையிலயும்” என்றாள் தக்ரீத்.

“ஒண்ணுல பாத்தா போதாதா?”

“ரெண்டுலயும் சார்.”

ஷவ்கத் தோளைக் குலுக்கினார். அவள் பட்டையைச் சுற்றினாள். வலக்கையில் நூற்றைம்பது. இடக்கையில் நூறுகூட நிற்கவில்லை. தப்பாக எடுத்துவிட்டோமோ என்று மறுபடி காற்றேற்றினாள். அதே அளவு.

“என்ன கண்டுபிடிச்ச, சொல்லு.”

“பெரிய வால்வு கசியுது சார். அது பழசு. ஆனா இடக்கை நாடி ரொம்ப மெலிஞ்சிருக்கு. ரெண்டு கை அழுத்தத்துக்கும் அம்பதுக்கு மேல வித்தியாசம். பெரிய ரத்தக் குழாயோட உள்சுவர் கிழிஞ்சிருக்கலாம்னு நினைக்கிறேன். இது இப்ப நடந்துட்டிருக்கு.”

ஷவ்கத் பேனாவைக் கீழே வைத்தார்.

“காலையில இவர நானே பரிசோதிச்சேன். ரெண்டு நாடியும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. உனக்கு முன்னாடி மூணு பேர் பாத்துட்டுப் போயிருக்காங்க. ஒருத்தரும் சொல்லல. உனக்கு மட்டும் குழாய் கிழியுதா?”

தக்ரீத்தின் காது சூடேறியது. மண்ணீரல் நினைவுக்கு வந்தது. அன்றைக்கும் இதே நிச்சயத்தோடுதான் சொன்னாள். அன்றைக்கு விரல் பொய் சொன்னது. இப்போது “வால்வு கசிவு, அவ்வளவுதான் சார்” என்று வாயை மூடிக்கொண்டால் தேர்ச்சி. மூன்று பேர் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் குளிர்ந்த அந்தக் கை இன்னும் அவள் கைக்குள்தான் இருந்தது. மெலிந்த நாடி இன்னும் மெலிவது போலத் தோன்றியது.

அவள் குனிந்தாள். “மாமா, முதுகு வலிக்குதா?”

“கேள்வி!” என்றார் ஷவ்கத். “உனக்குச் சொன்னேனா இல்லையா?”

அபூ ஸுஹைர் டாக்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “பஸ்ல வந்த அலுப்பு…”

“மாமா, பொய் வேண்டாம். எப்போலேர்ந்து?”

அவருக்கு மூச்சு இரைத்தது. “உனக்கு முன்னாடி ஒரு தம்பி என்னப் படுக்க வச்சு எழுப்பினான். எந்திரிக்கும்போது தோள்பட்டை நடுவுல ஒரு வலி. வல்லாஹி, சத்தியமாச் சொல்றேன், கத்தியால கிழிச்ச மாதிரி. இப்ப இடுப்புவரைக்கும் இறங்குது. வெளிய சொன்னா பரீட்சைய நிறுத்திருவாங்க. எத்தன புள்ளைங்க காலைலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்காம நிக்குது… முடியட்டும்னு இருந்தேன்.”

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது.

திரைக்கு வெளியே செருப்புச் சத்தங்கள் நகர்ந்தன. அடுத்தது லுஅயின் முறை. திரையை விலக்கித் தலையை நீட்டினான். அவள் இன்னும் கட்டிலருகே நிற்பதைப் பார்த்து அவன் கண் அகன்றது. “போ!” என்று வாயசைத்தான்.

“பதினாலாம் எண், நாலாம் மேசை!” என்று இன்ஸாஃப் கூப்பிட்டார்.

தக்ரீத் நகரவில்லை. “சார், ஒரே ஒரு தடவ அந்தக் கையப் பிடிச்சுப் பாருங்க. நான் சொன்னது தப்புன்னா என்ன இப்படியே வெளிய அனுப்பிருங்க. அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டேன்.”

“நீ அடுத்த மேசைக்குப் போகணும்.”

“தெரியும் சார். கையப் பாருங்க.”

“பதினாலாம் எண்!” இன்ஸாஃபின் குரல் உயர்ந்தது. “நேரம் ஓடுது டாக்டரம்மா!”

ஷவ்கத் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். கோபத்தோடுதான் எழுந்தார். அபூ ஸுஹைரின் இடக்கையைத் தூக்கி மூன்று விரலை வைத்தார். வைத்தவர் அசையவில்லை. விரலை மாற்றினார். வலக்கையைப் பிடித்தார். மறுபடி இடது. அப்புறம் கழுத்தில் கை வைத்தார். அவர் முகத்திலிருந்த கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அவ்வளவு வயதான முகமா இது என்று தக்ரீத்துக்குத் தோன்றியது.

“காலையில இது இப்படி இல்ல” என்றார், யாரிடமோ சொல்வது போல.

அடுத்த நொடி திரை கிழிகிற மாதிரி அதை இழுத்தார். “ஸ்ட்ரெச்சர்! இங்க ஸ்ட்ரெச்சர் கொண்டாங்க! ஸ்கேன் ரூமுக்கு போன் போடுங்க, வேற யார் உள்ள இருந்தாலும் வெளிய எடுக்கச் சொல்லுங்க. இதய அறுவைக்குச் சொல்லுங்க, குழாய் கிழிஞ்சிருக்கு, கிளம்பிட்டோம்னு!”

கூடமே நின்றுவிட்டது. லுஅய்தான் முதலில் ஓடினான். வராந்தாவிலிருந்து சக்கரக் கட்டிலை இழுத்துக்கொண்டு வந்தான். நாலு பேர் சேர்ந்து அபூ ஸுஹைரைத் தூக்கி வைத்தார்கள். அவர் தக்ரீத்தின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார், அந்த நீண்ட விரல்கள் ஒரு சுற்றுச் சுற்றி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன.

“நீ வா” என்றார் ஷவ்கத் அவளிடம். “வலக்கை நாடிய விடாத. மாறினா உடனே சொல்லு.”

நாலாம் மேசையின் திரை திறந்தே கிடந்தது. உள்ளே ஒரு தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தக்ரீத் அதைக் கடந்து போனாள்.

ஸ்கேன் அறை பக்கத்துக் கட்டடத்தில். நடுவில் வெயில் கொட்டுகிற முற்றம். கட்டிலின் ஒரு சக்கரம் கோணலாக இழுத்துக்கொண்டே போனது. ஷவ்கத் தலைமாட்டைத் தள்ளினார். கழுத்துப்பட்டை தோளுக்குப் பின்னால் பறந்தது. வழியில் நின்றவர்களை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டி விலக்கினார். தக்ரீத் பக்கவாட்டில் ஓடியபடியே நாடியை எண்ணினாள்.

“மவளே” என்றார் அபூ ஸுஹைர். உதடு வெளுத்திருந்தது. “நீ பாஸா?”

“பேசாதீங்க மாமா.”

“சொல்லு.”

“பாஸ்தான் மாமா. முதல் மார்க்கு.”

“பின்ன? என் நெஞ்சு ராசியான நெஞ்சு.”

லிஃப்ட் மேலே போயிருந்தது. பொத்தானை ஷவ்கத் அடித்த அடியில் அது உடைந்தே போயிருக்கலாம். அது இறங்கி வருவதற்குள் நாடி ஒருமுறை தடுமாறியது. அவள் “சார்” என்றாள். அவர் குனிந்து அபூ ஸுஹைரின் காதருகில், “இங்க பாருய்யா, இத்தன வருஷம் என் பரீட்சைக்கு வந்திருக்கே, ஒரு நாள்கூட லீவு போடல. இப்பப் போட்டுத் தொலைக்காத” என்றார். லிஃப்ட் திறந்தது.

ஸ்கேன் திரையில் எல்லாரும் பார்த்தார்கள். இதயத்திலிருந்து எழும் பெரிய குழாய்க்குள் இன்னொரு பொய்க் குழாய் ஓடியது. சுவர் பிளந்து, ரத்தம் தனக்கென்று ஒரு வழி வெட்டிக்கொண்டு இறங்கியிருந்தது. அறுவை மருத்துவர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: “இப்பவே.” கதவு மூடும்போதுதான் அபூ ஸுஹைரின் விரல்கள் அவள் மணிக்கட்டை விட்டன.

அவள் திரும்பி வந்தபோது கூடத்தில் திரைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். இன்ஸாஃப் மேசையில் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“நாலு, அஞ்சு, ஆறு, இந்த மூணு மேசையிலயும் நீ வரலன்னு போட்டிருக்கு” என்றார் அவளைப் பார்க்காமல். அப்புறம் பார்த்தார். “நான் மூணு தடவ கூப்பிட்டேன் கண்ணு. சட்டம் அப்படி. என் கையில ஒண்ணும் இல்ல.” தன்னுடைய தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவளிடம் நீட்டினார்.

வாசற்படியில் லுஅய் உட்கார்ந்திருந்தான். “என் வால்வத் தூக்கிட்டுப் போயிட்டே” என்றான். “எனக்கு வேற ஆள் போட்டாங்க. அந்தாளு நெஞ்சுல என்ன இருந்துச்சுன்னு எனக்கு இப்ப வரைக்கும் தெரியாது.” அவள் சிரிக்கவில்லை. அவன் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டு, “நானா இருந்தா போயிருப்பேன், தக்ரீத்” என்றான்.

சாயங்காலம்வரை அவள் அறுவை அரங்கின் வாசலிலேயே இருந்தாள். அபூ ஸுஹைரின் மனைவி தன் மகனுடன் மாதபாவிலிருந்து வந்து சேர்ந்தார். தக்ரீத்தை அந்த ஆஸ்பத்திரி டாக்டர் என்றே நினைத்து, கையைப் பிடித்துக்கொண்டு கேள்விமேல் கேள்வி கேட்டார். நான் டாக்டர் இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததைத் தெரியாது என்றாள்.

இருட்டும் நேரத்தில் ஷவ்கத் வெளியே வந்தார். “உயிர் இருக்கு. குழாய மாத்தியாச்சு, வால்வும் மாத்தியாச்சு. காலையிலதான் உறுதியாச் சொல்ல முடியும்” என்று அந்த அம்மாளிடம் சொன்னார். பிறகு தக்ரீத்தின் பக்கம் திரும்பினார்.

“மூணு மேசை போச்சு உனக்கு.”

“தெரியும் சார்.”

“நாடியப் பிடிக்க வேற ஆள் கிடைச்சிருக்கும். லிஃப்ட்டுகிட்டயே ரெண்டு நர்ஸ் இருந்தாங்க. அங்கேர்ந்து நீ திரும்பி ஓடியிருந்தா ரெண்டு மேசையாவது கிடைச்சிருக்கும். ஏன் போகல?”

“தோணவே இல்ல சார்” என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கோட்டில் துடைத்தார். “நான் அந்தக் கையத் தொட லேட் பண்ணினேன். அத நான் எழுதிக் குடுப்பேன். மார்க்கு குடுக்குறது என் கையில இல்ல. குடுக்கவும் மாட்டேன். ஆறு மேசையையும் பாக்காத ஆளுக்கு லைசென்ஸ் குடுக்கக் கூடாது. அது எங்கம்மாவா இருந்தாலும் சரி.”

முடிவு வெளியானபோது அவள் பெயருக்கு எதிரே ‘தவறியவர்’ என்றே இருந்தது. அவள் முறையீடு செய்தாள். அதற்குப் பிறகு வந்த வாரங்கள் தேர்வைவிடக் கொடுமையாக இருந்தன. அவளுக்கு மட்டும் ஏன் சலுகை, எங்களையும் மறுபடி எழுத விடுங்கள் என்று தோற்ற சிலர் மனுக் கொடுத்தார்கள். அவளும் நோயாளியும் பேசி வைத்து நாடகம் போட்டார்கள் என்றுகூட ஒருவன் இணையத்தில் எழுதினான். ஊரிலிருந்து தாய்மாமன் போன் செய்து, “அந்தாளப் பொழைக்க வச்சியே, அவனையே லைசென்ஸ் குடுக்கச் சொல்லேன்” என்றார். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. “மாமா, நாளைக்கு உங்க நெஞ்ச நான்தான் பாக்க வேண்டி வரும். பாத்துப் பேசுங்க” என்று வைத்துவிட்டாள்.

அபூ ஸுஹைர் பிழைத்துக்கொண்டார். குரல் மட்டும் கட்டிப் போய்விட்டது, காற்றுப் போலத்தான் பேச முடிந்தது. அந்தக் குரலோடு அவரே கவுன்சில் அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்தார் என்று இன்ஸாஃப்தான் அவளுக்குச் சொன்னார். ஷவ்கத் எழுதிக் கொடுத்ததில் ஒளிவு மறைவு இல்லை. தேர்வாளர் முதலில் நம்பவில்லை என்பதையும் அவரே எழுதியிருந்தார். தான் சாட்சி ஆகிவிட்டதால் இவளுடைய தேர்வில் இனி உட்காரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

கடைசியில் கவுன்சில் இறங்கி வந்தது பாதிதான்: தவறிய மூன்று மேசைகளை மட்டும் அவள் திரும்பப் பார்க்கலாம். மூன்றாம் மேசையில் கேள்வி கேட்டதற்கு மார்க்கு இல்லை, இல்லைதான்.

அந்த மூன்று மேசைகளும் எளிதாக இருக்கவில்லை. குழந்தைகள் மேசையில் இரண்டு வயதுப் பையன் அவளைத் தொடவே விடாமல் அலறினான். தேர்வாளர்கள் எல்லாருக்கும் அவள் யாரென்று தெரியும். அதனாலேயே ஒவ்வொருவரும் இன்னும் இறுக்கமாகக் கேட்டார்கள். ஒரு கேள்விக்கு அவள் தப்பான மருந்தளவைச் சொல்லிவிட்டு, “இல்ல, மன்னிக்கணும், தப்பு” என்று திருத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது தேறுவோமா என்று சத்தியமாக அவளுக்குத் தெரியவில்லை.

தேறினாள். நூலிழையில்தான் தேறினாள். லுஅய் அதற்கடுத்த தேர்வில் தேறினான்.

உரிமத்தைக் கையில் வாங்கிய அன்றைக்கு அவள் கவுன்சில் படிகளில் இறங்கி, நகரத்துக்குப் போகும் ஷேர் டாக்ஸியில் ஏறிக்கொண்டாள். உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டு அம்மாவுக்கு போன் போட்டாள். “வந்துருச்சும்மா” என்றாள். அந்தப் பக்கம் அம்மா குலவையிட ஆரம்பித்தாள். நீளமான, மூச்சு விடாத, கல்யாண வீட்டுக் குலவை. போனைக் காதிலிருந்து எடுத்த பிறகும் அது வண்டி முழுக்கக் கேட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். “மபுரூக் மகளே! கல்யாணமா?”

“இல்லண்ணே. லைசென்ஸ் வந்துருக்கு.”

“டிரைவிங் லைசென்ஸுக்கா இவ்ளோ குலவை?” என்றார் அவர். “மூணு தடவ ஃபெயிலா?”

தக்ரீத்துக்குச் சிரிப்பு பொங்கி வந்தது. “ரெண்டு தடவண்ணே” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மா முடித்துவிட்டாளா என்று போனை மறுபடி காதில் வைத்தாள்.